அபூர்வம்தான், ஆனால் தீராததல்ல

பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் தோன்றும் அரிய புற்றுநோய்கள் பழக்கமான நோய்களின் வேடத்தில் வருகின்றன. அவற்றில் பல குணமாகக்கூடியவை. ஒரே நிபந்தனை: நோய்க்குச் சரியான பெயர் சரியான நேரத்தில் கிடைக்க வேண்டும்.

பெங்களூரு ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு அருகே இருக்கிறது கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. 1973இல் தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனத்துக்குக் கர்நாடகத்தின் மாவட்டங்களிலிருந்து மட்டுமல்ல, தமிழ்நாடு, ஆந்திர எல்லைப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சிகிச்சையோடு இன்னொரு வேலையும் இங்கே சத்தமில்லாமல் நடக்கிறது: எண்ணுவது. பெங்களூரு நகரில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது என்ற பதிவேடு 1982 முதல் இங்கே பராமரிக்கப்படுகிறது. நோயாளிகள் தேடிவந்து பதிவு செய்துகொள்வதில்லை. பதிவேட்டு ஊழியர்கள்தான் மருத்துவமனை மருத்துவமனையாக, பரிசோதனைக் கூடம் பரிசோதனைக் கூடமாகப் போய்த் தகவல் திரட்டுகிறார்கள்.

சர்வதேச நோய் வகைப்பாட்டில் பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் புற்றுநோய்களுக்கு எட்டு எண்கள் இருக்கின்றன. சி-51 முதல் சி-58 வரை. 53 கருப்பை வாய், 54 கருப்பை, 56 சினைப்பை. நோயாளிகளில் பெரும்பாலோர் இந்த மூன்றில் அடங்கிவிடுகிறார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி 2022இல் இந்தியாவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் சுமார் 1,27,000 பேர். சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 47,000 பேர். மற்ற எண்களுக்கு எதிரே விழும் கோடுகள் மிகக் குறைவு. 51 பிறப்புறுப்பின் வெளிப்பகுதி. 52 யோனி. 57 கருக்குழாயும் பிறவும். கடைசி எண்ணான 58 நஞ்சுக்கொடி. கர்ப்பம் தந்த திசுவே புற்றுநோயாக மாறும் விசித்திரம்.

அரிய புற்றுநோய் என்று எதைச் சொல்வது? ஐரோப்பிய நிபுணர்கள் வகுத்த கணக்கு ஒன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது: ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வந்தால் அது அரிய புற்றுநோய். ஒவ்வொன்றாகப் பார்த்தால் இவை சொற்பம். எல்லாவற்றையும் கூட்டினால் சொற்பமல்ல. ஐரோப்பாவில் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஏதாவதொரு அரிய வகையைச் சேர்ந்தவர்கள்.

எண்ணுவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு 1971இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பதில் கிடைத்தது. பதினைந்து வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடைப்பட்ட எட்டுப் பெண்களுக்கு யோனியில் புற்றுநோய் இருந்தது. வயதானவர்களுக்கே அபூர்வமாக வரும் நோய் இந்த வயதில் ஏன்? டாக்டர் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவரது சகாக்களும் தாய்மார்களை விசாரித்தார்கள். எட்டுத் தாய்மார்களில் ஏழு பேர், அந்தப் பெண் வயிற்றில் இருந்தபோது கருச்சிதைவைத் தடுக்க டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோன் சாப்பிட்டிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், கர்ப்பிணிகளுக்கு அந்த மருந்தைத் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. நோய் அபூர்வமாக இருந்ததால்தான் எட்டே பேரை வைத்து உண்மையைப் பிடிக்க முடிந்தது. சாதாரண நோயாக இருந்திருந்தால் அந்த எட்டுப் பேரும் கூட்டத்தில் காணாமல் போயிருப்பார்கள்.

ஒரே எண், இரண்டு விதி

அரிய வகைகள் எல்லாம் தனி எண்ணுக்குள் அழகாக உட்கார்ந்திருப்பதில்லை. பல, பழக்கமான பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. அறுபது வயதுப் பெண்ணுக்குச் சினைப்பையின் மேலுறையில் வரும் புற்றுநோயும், பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் கருமுட்டையாக வேண்டிய அணுக்களிலிருந்து எழும் புற்றுநோயும் பதிவேட்டில் ஒரே எண்தான்: சி-56. ஆனால் மருந்து வேறு, அறுவைச் சிகிச்சை வேறு, முடிவும் வேறு. அதனால்தான் பதிவேட்டில் உறுப்புக்கு ஒரு எண்ணும் அணுவின் வகைக்கு இன்னொரு எண்ணும் எழுதப்படுகின்றன. முதல் எண் நோய் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது எண், அது என்ன என்று சொல்கிறது. நோயாளியின் வாழ்க்கை பெரும்பாலும் இரண்டாவது எண்ணில் தொங்குகிறது.

"சினைப்பையில் கேன்சராம்" என்று செய்தி வந்ததும் குடும்பம் இடிந்துபோகிறது. எந்த வகை என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. கேட்டால், சில சமயம் ஆறுதலான பதில் கிடைக்கும். அரியது என்றால் தீராதது என்று அர்த்தமில்லை. புற்றுநோய்களிலேயே மிக உறுதியாகக் குணமாகும் சில வகைகள் இந்த அபூர்வப் பட்டியலில்தான் இருக்கின்றன.

முத்துப்பிள்ளைக்குப் பிறகு

அதற்குச் சிறந்த உதாரணம், பதிவேட்டின் கடைசி எண்ணில் இருக்கும் நஞ்சுக்கொடிப் புற்றுநோய். கிராமங்களில் 'முத்துப்பிள்ளை' என்று சொல்லும் கர்ப்பத்தில் குழந்தை வளராது. கருப்பைக்குள் திராட்சைக் கொத்துப்போல நீர்க்குமிழ்கள் பெருகும். மசக்கை கடுமையாக இருக்கும், ரத்தப்போக்கு வரும், கருப்பை மாதக் கணக்கைவிடப் பெரிதாகத் தெரியும். ஸ்கேன் பார்த்து, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பெரும்பாலோருக்கு விஷயம் அதோடு முடிந்துவிடும். ஆனால் முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்குத் திசு உள்ளேயே தங்கி வளரத் தொடங்கும். சாதாரணப் பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பிறகும் இந்த நோய் வரலாம். அது இன்னும் அபூர்வம்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. கர்ப்பத்தைக் காட்டும் அதே எச்.சி.ஜி. ஹார்மோனைத்தான் இந்த நோயும் சுரக்கிறது. கருப்பையைச் சுத்தம் செய்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். இறங்கிக்கொண்டே வந்தால் கவலையில்லை. அப்படியே நின்றாலோ ஏறினாலோ நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். அளவு இயல்பான பிறகும் சில மாதங்களுக்குக் கண்காணிப்பு தொடரும். அதுவரை மீண்டும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. தரித்தால் ஹார்மோன் ஏறுவது குழந்தையாலா நோயாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சிக்கல் மருத்துவத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ரத்தப்போக்கு நின்றதும் உடம்பு சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கருச்சிதைவு துக்கம், அடுத்த குழந்தைக்கான அவசரம், வாரா வாரம் பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுக்கும் அலைச்சல் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இரண்டு மூன்று முறைக்குப் பிறகு போவது நின்றுவிடுகிறது. நோயோ நிற்பதில்லை. அது முதலில் தாவுவது பெரும்பாலும் நுரையீரலுக்கு. இருமலில் ரத்தம் வருகிறது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது. நம் நாட்டில் இப்படி ஒரு படத்தைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். மூளைக்குப் போனால் வலிப்பு, பக்கவாதம். கடைசியாகக் கர்ப்பம் கலைந்தது எப்போது என்று நுரையீரல் டாக்டரோ நரம்பியல் டாக்டரோ கேட்காவிட்டால், நோயின் பெயர் வெளியே வராது.

இன்னொரு விசித்திரம்: பெரும்பாலான புற்றுநோய்களில் திசுவை வெட்டியெடுத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்கள். இதில் வெட்டுவது ஆபத்து. கட்டியில் ரத்தக் குழாய்கள் மண்டிக் கிடப்பதால் ரத்தம் நிற்காமல் போகலாம். இங்கே ரத்தப் பரிசோதனையின் எண்ணே தீர்ப்பாகிவிடுகிறது.

சிகிச்சையின் கதையில் ஓர் இந்தியர் இருக்கிறார். ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தார். ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்துகள் அவர் வழிநடத்திய குழுவிலிருந்து வந்தன. அவற்றில் ஒன்றுதான் மெத்தோட்ரெக்சேட். 1948இல் அவர் இறந்த பிறகு, 1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் சீனாவிலிருந்து வந்த டாக்டர் மின் சியு லியும் ராய் ஹெர்ட்ஸும் அதை நஞ்சுக்கொடிப் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள். நுரையீரல் முழுக்கப் பரவியிருந்த கட்டிகள் மறைந்தன. திடக்கட்டி வகைப் புற்றுநோய் ஒன்று, பரவிய பிறகும் மருந்தால் மட்டுமே குணமானது வைத்திய வரலாற்றில் அதுதான் முதல்முறை.

லி ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். எக்ஸ்ரேயில் கட்டி மறைந்துவிட்டாலும் ஹார்மோன் கொஞ்சம் மிச்சமிருந்தால் மருந்தை நிறுத்தக் கூடாது என்றார். நோய் தெரியாதவருக்கு விஷ மருந்து கொடுப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. அவர் அந்த வேலையை விட்டுப் போக நேர்ந்தது. ஆனால் அவர் வழியில் சிகிச்சை பெற்றவர்களே பிழைத்தார்கள். 1972இல் லிக்கும் ஹெர்ட்ஸுக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. ஹார்மோன் இயல்பான பிறகும் சில சுற்றுகள் மருந்தைத் தொடர்வது இன்று உலகம் முழுவதும் வழக்கம். ஆபத்துக் குறைந்த நிலையில் வரும் நோயாளிகள் கிட்டத்தட்ட எல்லோரும் குணமாகிறார்கள். ஆபத்து அதிகமான நிலையில்கூட, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குத் தேறுகிறார்கள். பெரும்பாலோருக்குக் கருப்பையை எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு குழந்தை பெற்றுக்கொள்கிறவர்கள் பலர்.

வீங்கும் வயிறு, ஊரின் வாய்

பதினாறு, பதினெட்டு, இருபது வயதில் ஒரு பெண்ணுக்குச் சில வாரங்களுக்குள் வயிறு வீங்கினால் வீட்டில் முதலில் எழுவது சந்தேகம். கல்யாணமாகாத பெண் என்றால் ஊர்வாய் வேறு. டாக்டரிடம் அழைத்துப் போகவே தயக்கம். கருமுட்டை அணுக்களிலிருந்து எழும் சினைப்பைக் கட்டிகள் வருவது பெரும்பாலும் இந்த வயதில்தான். வேகமாக வளர்பவை. சில வகைகள் எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரப்பதால் கர்ப்பப் பரிசோதனைகூட 'ஆம்' என்று காட்டலாம். சந்தேகத்துக்கு ஆதாரம் கிடைத்ததுபோல் ஆகிவிடும். ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை அந்தப் பெண் படும் பாட்டைச் சொல்லி முடியாது.

இந்தக் கட்டிகள் தங்கள் முகவரியை ரத்தத்தில் எழுதிவைக்கின்றன. ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற மூன்று பரிசோதனைகள் போதும், சந்தேகம் வலுப்பட. இளம்பெண்ணுக்குச் சினைப்பையில் திடமான கட்டி என்றால், கத்தி வைப்பதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது புற்றுநோய் மருத்துவத்தின் பாலபாடம்.

காரணம் இதுதான்: இவ்வகைக் கட்டிகளில் பாதிக்கப்பட்ட சினைப்பையை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் போதும். மறு சினைப்பையும் கருப்பையும் அப்படியே இருக்கலாம். பிறகு பிளியோமைசின், எட்டோபொசைட், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று மருந்துகள் தேவையானவர்களுக்குத் தரப்படும். ஆரம்ப நிலையில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். முற்றிய நிலையிலும் நம்பிக்கை உண்டு. வயதானவர்களுக்கு வரும் புற்றுநோய் என்று நினைத்து இரு சினைப்பைகளையும் கருப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், உயிர் பிழைத்தாலும் அந்தப் பெண் தாயாகும் வாய்ப்பு அந்த ஆபரேஷன் மேஜையிலேயே போய்விடுகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கலாம். வயிற்றில் நீர், சினைப்பையில் வீக்கம், ரத்தத்தில் சிஏ-125 அதிகம். மூன்றும் சேர்ந்தால் சினைப்பைப் புற்றுநோய் என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் வயிற்றில் வரும் காசநோயும் இதே மூன்றையும் காட்டும். எண்டோமெட்ரியோசிஸ், சாதாரண மாதவிலக்கு, கர்ப்பம் ஆகியவற்றிலும் சிஏ-125 ஏறும். காசநோய் மலிந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. மாத்திரையில் தீரும் நோய்க்கு உறுப்புகளைப் பறிகொடுக்கும் ஆபத்து இருக்கிறது. காசநோய் புற்றுநோயாகவும் புற்றுநோய் காசநோயாகவும் வேடம் போடும்போது, திசுவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அரிப்பு, கட்டி, உதிரம்

வயதான பெண்களிடம் வேடம் வேறு மாதிரி. பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் வரும் புற்றுநோயின் பழக்கமான முதல் அறிகுறி அரிப்பு. அரிப்புக்கு யார் டாக்டரிடம் போவார்கள்? மகளிடம் சொல்லவே கூச்சம். மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவுகிறார்கள். கொஞ்சம் அடங்கும், மறுபடி வரும். தோல் வெளுக்கும், தடிக்கும், புண்ணாகும். டாக்டரிடம் போனாலும் உடையை விலக்கிப் பார்க்காமலே பூஞ்சைக்கு மருந்து எழுதித் தருவது நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் களிம்பிலேயே காலம் போகிறது. மயக்க ஊசி போட்டு ஒரு அரிசியளவு தோலை எடுத்துப் பரிசோதித்தால் விஷயம் தெரிந்துவிடும். சில வாரம் மருந்து போட்டும் ஆறாத புண், நிறம் மாறிய தடிப்பு எதுவானாலும் திசுப் பரிசோதனை வேண்டும். வெளியே இருக்கும் உறுப்பு, கண்ணுக்குத் தெரியும் நோய். ஆனாலும் தாமதமாகிறது. மறைப்பது நோயல்ல, கூச்சம்.

கருப்பையில் கட்டி என்றால் அது அநேகமாக நார்க்கட்டிதான், புற்றுநோயல்ல. ஆனால் மிகச் சிலருக்கு அந்தக் கட்டி சார்கோமா என்ற பொல்லாத வகையாக இருக்கும். ஆபரேஷனுக்கு முன் இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்லும் பரிசோதனை இன்றும் இல்லை. இதன் விலையை உலகம் அறிந்தது, அமெரிக்காவில் மயக்கவியல் டாக்டராக இருந்த ஏமி ரீட் மூலமாக. 2013இல் நார்க்கட்டி என்று நினைத்து அவருக்குச் சிறு துளை வழியாக ஆபரேஷன் நடந்தது. சுழலும் கத்தியால் கட்டியைத் துண்டாக்கி வெளியே எடுத்தார்கள். பிறகுதான் உள்ளே சார்கோமா இருந்தது தெரிந்தது. ரீடும் அவர் கணவரும் இந்த முறையை எதிர்த்துப் போராடினார்கள். 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. நார்க்கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொள்ளும் 350 பெண்களில் ஒருவருக்கு எதிர்பாராத சார்கோமா இருக்கலாம் என்று அப்போது அது மதிப்பிட்டது. ரீட் 2017இல் இறந்தார்.

இந்தியாவில் இந்தக் கணக்குக்குத் தனி அர்த்தம் உண்டு. 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கு மேல் கருப்பை அகற்றப்பட்டவர்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன்கள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. எடுத்த கருப்பை எங்கே போகிறது? நியாயமாக அது பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டும். 'வெறும் கட்டிதானே' என்று செலவை மிச்சம் பிடித்து அனுப்பாமல் விட்டால், ஓராண்டு கழித்து நோய் திரும்பும்போதுதான் முன்பு இருந்தது என்ன என்ற கேள்வி எழும். பதில் சொல்ல வேண்டிய திசு அப்போது இருக்காது.

மாதவிலக்கு நின்று ஆண்டுகள் ஆன பிறகு திரும்ப உதிரம் பட்டால் 'வயசு திரும்புகிறது' என்று வேடிக்கையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. வேடிக்கையல்ல. கருப்பைப் புற்றுநோய் அதன் சாதாரணக் காரணங்களில் ஒன்று. அபூர்வமான காரணம், சினைப்பையில் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் கிரானுலோசா அணுக் கட்டி. இந்தக் கட்டி மெதுவானது, ஆனால் ஞாபகசக்தி அதிகம். பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடியது. பழைய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு, திரும்பி வந்தது எது என்று டாக்டர் உடனே சொல்லிவிட முடியும்.

கண்ணாடித் தகட்டில் தீர்ப்பு

இந்த நோய்களுக்கெல்லாம் பெயர் வைப்பவரை நோயாளி பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அவர் நோயியல் நிபுணர். ஆபரேஷனில் எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார். தொடக்கமே பிசகினால் பிறகு எந்த நிபுணராலும் உதவ முடியாது. ஃபார்மலினுக்குப் பதில் உப்புத் தண்ணீரிலோ வெறும் தண்ணீரிலோ போட்டு அனுப்பினால் திசு அழுகிவிடும். பெரிய கட்டியைச் சின்ன டப்பாவில் திணித்தாலும் அதே கதிதான்.

சரியாக வந்தாலும், அரிய வகையை அடையாளம் காண அனுபவம் வேண்டும். ஊர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர் தன் வாழ்நாளிலேயே ஒன்றிரண்டு முறைதான் அதைப் பார்த்திருப்பார். குறை அவருடையதல்ல, நோயின் எண்ணிக்கை அப்படி. அதனால்தான் அரிய வகை என்று அறிக்கை வந்தால், சிகிச்சை தொடங்குமுன் இன்னொரு நிபுணர் அதே தகடுகளைப் பார்க்க வேண்டும் என்கிறது மருத்துவ நடைமுறை. மெழுகுக் கட்டி ஆண்டுக்கணக்கில் கெடாது. அதிலிருந்து புதிதாகச் சீவிச் சிறப்புச் சாயங்கள் ஏற்றலாம், மரபணுவையும் பார்க்கலாம். கிரானுலோசா அணுக் கட்டிகளில் பெரியவர்களுக்கு வரும் வகையில், ஃபாக்ஸ்-எல்2 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளிடமும் இருப்பதை 2009இல் கனடாவின் வான்கூவர் விஞ்ஞானிகள் கண்டார்கள். நுண்ணோக்கியில் தயக்கம் இருந்தால் இந்தப் பிழை தீர்த்துவைக்கும்.

கூர்ந்து பார்ப்பது நோயின் வரலாற்றையே மாற்றிய கதையும் உண்டு. கருக்குழாய்ப் புற்றுநோய் மிக அபூர்வம் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. பிஆர்சிஏ மரபணுக் கோளாறு உள்ள பெண்கள் முன்னெச்சரிக்கையாகச் சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துக்கொள்ளத் தொடங்கியபோது, குழாய்களை மெல்லிய துண்டுகளாகச் சீவிப் பார்த்தார்கள். குழாயின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஆரம்பப் புற்றுநோய் இருந்தது. 2001 முதல் வெளிவந்த ஆய்வுகள் பழைய எண்ணத்தைப் புரட்டிப்போட்டன. சினைப்பைப் புற்றுநோய் என்று இதுவரை பெயரிடப்பட்ட நோயில் மிகப் பரவலான வகை, பெரும்பாலும் கருக்குழாயில்தான் தொடங்குகிறது என்று இப்போது கருதப்படுகிறது. அபூர்வம் என்று நினைத்தது அபூர்வமே அல்ல; அங்கே யாரும் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாக் கதையும் நல்லபடி முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கருப்பைச் சார்கோமா பரவிவிட்டால் கட்டுப்படுத்துவது கடினம். இருபதுகளில் இருக்கும் பெண்களைத் தாக்கும் ஒருவகைச் சிற்றணுச் சினைப்பைப் புற்றுநோய், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். வேகமானது, பலரைக் காப்பாற்ற முடிவதில்லை. அதற்குக் காரணமான மரபணு 2014இல்தான் தெரியவந்தது. இந்த நோய்களிலும் பெயர் தெரிவதால் பயன் உண்டு. வேலை செய்யாத மருந்தில் காலம் வீணாகாது; சகோதரிகளுக்கும் மகள்களுக்கும் ஆபத்து உண்டா என்று பரிசோதிக்க முடியும்.

எங்கே போவது, என்ன கேட்பது?

அரிய நோய்க்கு அனுபவம் சேரும் இடம் பெரிய மையங்கள்தான். பெங்களூருவில் கித்வாய், சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, மும்பையில் 1941இல் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனை ஆகியவை தென்னிந்தியர்கள் நாடும் இடங்கள். டாடா மருத்துவமனை முன்னின்று 2012இல் உருவாக்கிய தேசியப் புற்றுநோய் வலைப்பின்னலில் இன்று 300க்கும் மேற்பட்ட மையங்கள் இணைந்திருக்கின்றன. அதன் மூலம் நோயாளி பயணம் செய்யாமலே அறிக்கைகளை அனுப்பி நிபுணர்களின் இரண்டாவது கருத்தைப் பெற வழி இருக்கிறது. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டமும் மாநிலக் காப்பீட்டுத் திட்டங்களும் சிகிச்சைச் செலவில் கைகொடுக்கின்றன.

ஆனால் பெரிய மையத்துக்கு வருகிறவர்கள் பலர் முதல் ஆபரேஷன் முடிந்த பிறகே வருகிறார்கள். கையில் ஒரு பக்க டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் இருக்கும். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், கட்டி உடைந்ததா என்ற விவரம் இருக்காது. அங்கே டாக்டர்கள் மறுபடி தொடக்கத்திலிருந்து துப்பறிய வேண்டியிருக்கிறது.

நோயாளியின் வீட்டார் செய்யக்கூடியவை கொஞ்சம்தான், ஆனால் முக்கியமானவை. இளம்பெண்ணுக்குச் சினைப்பையில் கட்டி என்றால், ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனைகள் பார்த்தாயிற்றா, இது அரிய வகையாக இருந்தால் எந்த உறுப்புகளைக் காப்பாற்ற முடியும் என்று கேட்பது. எந்த ஆபரேஷனாக இருந்தாலும், எடுத்த திசு பரிசோதனைக்குப் போகிறதா என்று கேட்பது. அறிக்கையை மட்டுமல்ல, மெழுகுக் கட்டியையும் தகடுகளையும் கேட்டு வாங்கி வைப்பது. ஆபரேஷன் குறிப்பின் நகலையும் வாங்குவது. முத்துப்பிள்ளை வந்திருந்தால், அடுத்து எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும் அதை முதலில் சொல்வது.

இவற்றைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் நம் குடும்பங்களில் இருக்கிறது. நல்ல டாக்டர் கோபிப்பதில்லை. அவருக்கும் தெரியும், அபூர்வ நோயை யாரும் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பதில்லை. சந்தேகப்பட்ட ஒருவர்தான் கண்டுபிடிக்கிறார். கர்ப்பத்தைப் பார்க்கும் அட்டை மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. கிராமங்களில் ஆஷா பணியாளரிடம் இலவசமாகவே கிடைக்கும். காரணம் தெரியாத ரத்தப்போக்கோ, இருமலில் ரத்தமோ உள்ள ஓர் இளம் தாய்க்கு அந்த அட்டையை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நிழலைப் பார்த்துக் காசநோய் மாத்திரையில் ஆறு மாதம் போவதற்கும், குணமாகி வீடு திரும்புவதற்கும் நடுவில் சில சமயம் இருப்பது அந்த ஐந்து நிமிடம்தான்.